கயிற்றுக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

பிரேசிலின் சால்வடோர் நகரத்துக் கார்னிவலுக்கு நீங்களும் உங்கள் மனைவியும் போய்வந்ததைப் பற்றிய குறிப்புகளைப் படித்தேன். மனதில் பட்டதை நேராகவே கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே காந்தியின் பெயரை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்கள் தலைப்பாகை கட்டி ஆடுகிறார்கள், நீங்களும் அவர்களோடு சிரித்துக்கொண்டு நின்று படம் எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது உறுத்தியது. என் தாத்தா சாகும்வரை கதர் தவிர வேறு உடுத்தாதவர். குடியும் கூத்துமான ஒரு விழாவில் அந்தப் பெயர் எதற்கு? அதைப் பார்த்து உங்களுக்கு எப்படிக் கோபம் வராமல் போனது?

இன்னொரு விஷயம். அதே குறிப்புகளைப் படித்துவிட்டு என் மனைவி, நாமும் ஒருமுறை போகலாம் என்கிறாள். எனக்கு வயது 58, அவளுக்கு 54. அவள் சுத்த சைவம். எங்களைப் போன்றவர்கள் போகிற இடமா அது? போனால் எந்த டிக்கெட் வாங்க வேண்டும்?

ஆர்.
திருப்பூர்

*

அன்புள்ள ஆர்.,

முதலில் காந்தி. கிளம்புவதற்கு முன்னால் உங்களுக்கு இருந்த உறுத்தல் எனக்கும் இருந்தது. படங்களில் பார்த்தால் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடம் மாதிரிதான் தெரியும். வெள்ளை அங்கி, தலையில் டவலைச் சுற்றித் தைத்த தலைப்பாகை, கழுத்து நிறைய நீலமும் வெள்ளையுமாகப் பாசிமணி. அந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த உடை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

‘ஃபில்யோஸ் டி காந்தி’ என்றால் காந்தியின் பிள்ளைகள். காந்தி சுடப்பட்டு ஓராண்டு முடிந்த கையோடு, 1949 பிப்ரவரியில், சால்வடோர் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888-இல், அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக. அப்படியென்றால் அந்தச் சுமைதூக்கிகளில் பலருடைய தாத்தாவோ பாட்டியோ அடிமையாகப் பிறந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த கந்தோம்ப்ளே வழிபாட்டைப் போலீஸ் துரத்தித் துரத்தி அடித்திருக்கிறது, சாமி கும்பிட ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி சால்வடோர் இருக்கும் பாயியா மாநிலத்தில் 1976 வரை இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், துறைமுகத்து ஆட்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கினாலே சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவர்கள் வெள்ளை உடுத்தி, காந்தி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். வாசித்தது என்ன தெரியுமா? இஜெஷா, அவர்களுடைய கோயில் தாளம். மாலையில் இருக்கும் வெள்ளை மணி ஒஷாலா என்ற தெய்வத்துக்கு, நீலம் ஓகும் என்ற தெய்வத்துக்கு.

வெள்ளைக்காரனைத் துப்பாக்கி எடுக்காமல் எதிர்த்து நின்ற, தங்களைப் போலத் தோல் கறுத்த ஒருவரை, கடல் தாண்டி முகம் பார்க்காதவர்கள் அப்பன் என்று சொல்லிக்கொண்டார்கள். இதில் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? குடித்தவர்களும் நடுவில் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிறு மதியம் அவர்கள் பழைய நகரப் பகுதியான பெலோரின்யோவிலிருந்து கிளம்பும்போது அந்தத் தெருவில் நின்று பாருங்கள். மேளம் வேகமாக அடிப்பதில்லை, நடக்கிற வேகத்துக்கு அடிக்கிறார்கள், மேலே அகோகோ என்கிற இரட்டை மணி ஒலிக்கிறது, லாவண்டர் தண்ணீரைக் கூட்டத்தின் மேல் தெளித்துக்கொண்டே வருகிறார்கள். பெலோரின்யோ என்ற பெயருக்கே கசையடிக் கம்பம் என்றுதான் அர்த்தம், அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கம்பம் நின்றதால் வந்த பெயர். அந்த இடத்தில் அந்த வெள்ளை ஊர்வலம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர் எங்களைப் பார்த்து எந்த ஊர் என்றார், இந்தியா என்றதும் சத்தம் போட்டு நாலு பேரைக் கூப்பிட்டு, தன் கழுத்திலிருந்த ஒரு மாலையைக் கழற்றி என் மனைவியின் கழுத்தில் போட்டார். நீங்கள் பார்த்தது அந்த நிமிஷம் எடுத்த படம். அவள் அழுதுகொண்டிருந்தாள், படத்தில் அது தெரியவில்லை.

கோபம் வரவில்லையா என்று கேட்டீர்கள். வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், வேறு இடத்தில். குறிப்புகளில் அதை எழுதாமல் விட்டது என் தப்பு. டிக்கெட் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

சால்வடோர் கார்னிவல் ரியோ மாதிரி ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தெருவில் லாரி வரும், நாம் அதன் பின்னால் போக வேண்டும். ‘த்ரியோ எலெத்ரிகோ’ என்று பெயர். 1950-இல் தோதோ, ஒஸ்மார் என்ற இரண்டு நண்பர்கள் 1929-ஆம் வருஷத்து ஃபோர்டு கார் ஒன்றில் ஒலிபெருக்கி கட்டி, தாங்களே செய்த மின்கிடாரை வாசித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட்டினார்கள், அதிலிருந்து வந்தது. இன்று அது வீடு உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கிய பெரிய லாரி, மேலே மேடை, பாடகர், வாத்தியக்காரர்கள். கடற்கரையோரம் பார்ரா கலங்கரை விளக்கத்திலிருந்து ஒந்தினா வரை நாலு கிலோமீட்டர், ஊர்ந்து போக பல மணி நேரம் ஆகும். இந்த லாரியைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றுக்குள் இருக்க வேண்டுமானால் ‘அபதா’ வாங்க வேண்டும், அது ஒரு டிசர்ட், அதுதான் டிக்கெட். உள்ளே இடம் இருக்கும், பின்னால் வரும் இன்னொரு லாரியில் குடிக்கத் தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கும். வெளியே இருப்பவர்களை ‘பிபோகா’ என்கிறார்கள், சோளப்பொரி. நெரிசலில் பொரி மாதிரித் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

நாங்கள் வியாழனுக்கும் வெள்ளிக்கும் அபதா வாங்கியிருந்தோம். பாதுகாப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், விலை கொஞ்சம் அதிகம்தான், வாங்கிவிட்டோம். அங்கே பெண்கள் அந்த டிசர்ட்டைக் கத்தரித்து, முடிச்சுப் போட்டு, தங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்வார்கள், என் மனைவியும் அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கத்தரிக்கோலோடு வேலை பார்த்து ஆசையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாக இருந்தது. அப்புறம் அவள் ஆடுவதை நிறுத்திவிட்டாள். என்ன ஆச்சு என்றேன். கயிற்றைக் காட்டினாள்.

அந்தக் கயிறு தானாக நிற்பதில்லை, ஆர். அதை ஆள் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நூற்றுக்கணக்கான பேர், கையில் துணி உறை, காதில் அடைப்பான், நாள் கூலி. ‘கோர்தெய்ரோ’ என்று பெயர். லாரி நகர நகர அவர்களும் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, வெளியே இருக்கும் கூட்டத்தை முதுகாலும் தோளாலும் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும், இத்தனை மணி நேரமும். கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பின மக்கள், பாதிக்குப் பாதி பெண்கள் என்று எனக்குத் தோன்றியது. கயிற்றுக்குள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எங்களுக்குப் பக்கத்தில் கயிறு பிடித்து வந்த அம்மாவுக்கு என் மனைவியின் வயதுதான் இருக்கும். வெளியிலிருந்து ஒரு பையன் கயிற்றுக்கு அடியில் நுழையப் பார்த்தான், அவர் அவனைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியிருந்தது. அந்தப் பையன் அவருக்கு முன்பே தெரிந்தவன், பெயர் சொல்லித்தான் திட்டினார். தன் தெருப் பையனைத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் பிடித்துத் தந்துகொண்டிருந்தார் அந்த அம்மா.

நம் ஊரில் தேர் வரும்போது கயிறு என்றால் வடம், இழுப்பதற்கு. அந்த வடத்தைத் தொட யாருக்கு உரிமை என்று நாமும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள்தான், ஆகவே பிரேசில்காரர்களைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்தக் கயிற்றுக்குள் மறுபடி நிற்க எங்களால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை அபதாவை அறையிலேயே விட்டுவிட்டு வெளியே போய் பொரியோடு பொரியாக நின்றோம். இப்போது கயிறே இல்லாமல் வரும் லாரிகளும் நிறைய இருக்கின்றன, பெரிய பாடகர்களே அப்படி வருகிறார்கள், நகராட்சியும் மாநில அரசும் அதற்குப் பணம் கொடுக்கின்றன. கார்னிவலின் முழு சந்தோஷத்தையும் நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். நெரிசல் அதிகமானால் என் மனைவியைச் சுவர் ஓரமாக நிறுத்திக் கையால் அரண் கட்டினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கயிறு என்றாலே கெட்டது என்று நான் சொல்வதாக ஆகிவிடும். சனிக்கிழமை இரவு லிபர்தாதே பகுதியில் குருஸூ மேட்டிலிருந்து ‘இலே ஐயே’ குழு புறப்படுகிறது. 1974-இல் ஆரம்பித்தது, கறுப்பின மக்களுக்கு மட்டுமேயான முதல் குழு. நல்ல குழுக்கள் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று அனுப்பிய காலத்தில், சரி, நமக்கு நாமே என்று தெருவில் இறங்கினார்கள். 1975-இல் அவர்கள் முதல் முறை ஊர்வலம் போனபோது உள்ளூர்ப் பத்திரிகை அவர்களை இனவெறிக் குழு என்று எழுதியது. புறப்படும் முன் வெள்ளைப் புறாக்களைப் பறக்க விடுகிறார்கள், கூட்டத்தின் மேல் பொரி தூவுகிறார்கள், அதுவும் சாமிக்கு உரியது. அந்தக் குழுவுக்கும் கயிறு உண்டு, நாம் வெளியே நிற்க வேண்டும். அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ராத்திரி வெகுநேரம் நின்றோம்.

சரி, உங்கள் பயணம். வயது ஒரு தடையே இல்லை. பார்ரா நெரிசல் ஒரு மாலைக்குப் போதும், மற்ற நாட்களில் பெலோரின்யோவில் இருங்கள். அங்கே லாரி கிடையாது, சின்னச் சின்ன வாத்தியக் குழுக்கள், குழந்தைகளுக்கு வேஷம் போட்டுக் கூட்டிவரும் குடும்பங்கள். தெருவெல்லாம் உருளைக்கல், ஏற்ற இறக்கம், நல்ல செருப்பு வேண்டும். டிக்கெட் எதுவும் வாங்க வேண்டாம். என் போன் கூட்டத்தில் போய்விட்டது, ஆகவே போனையும் பாஸ்போர்ட்டையும் அறையில் வைத்துவிட்டு, அன்றைய செலவுக்கு மட்டும் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள், அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

உங்கள் மனைவி சைவம் என்பதால் அவருக்கு அகராஜே பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை உடையும் தலைக்கட்டுமாகத் தெருமுனையில் அடுப்பு வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் சுடுவது. காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைத்து, மரக்கரண்டியால் அடித்து அடித்து மாவைப் பொங்க வைத்து, சிவந்த பனை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். முதல் வாயில் என் மனைவி, இது வடைதான், வேறு யாரோ கண்டுபிடித்த வடை, என்றாள். யொரூபா மக்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இயான்சா என்ற தெய்வத்துக்குப் படையல். நடுவில் பிளந்து வைக்கும் கூழிலும் வெண்டைக்காய்க் குழம்பிலும் காய்ந்த இறால் இருக்கும், ஆகவே உள்ளே தக்காளி மட்டும் போதும் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். சூடாகவா என்று கேட்டால் காரம் வேண்டுமா என்று அர்த்தம். இது தெரியாமல் நாங்கள் ஆமாம் என்று தலையாட்டினோம், என் மனைவிக்குத்தான் அது ரொம்பப் பிடித்தது.

2027-ஐப் பாருங்கள். கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 9, அதாவது 4-ஆம் தேதி வியாழன் ஆரம்பம். அதற்கு இரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 2, அதே ஊரின் ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் கடல் தாய் இயெமன்ஜாவின் விழா, பூவும் வாசனைத் தண்ணீரும் கண்ணாடியும் கூடையில் வைத்துப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஞாயிறு மதியம் பெலோரின்யோவுக்கு வரும்போது, தாத்தாவின் கதர்த்துண்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள். யாருடையது என்று கட்டாயம் கேட்பார்கள். என் தாத்தா என்பதற்கு அங்கே ‘மெவ் அவோ’ என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்