காரின் எடையும் பிக்கப்பும்: வீட்டில் அளக்க எந்தக் கருவி வேண்டும்?

கேள்வி: என் சிறிய காரில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் வைத்தேன். சக்கரங்களையும் ஓர் அளவு பெரிதாக மாற்றினேன். அதன் பிறகு வண்டி முன்போல இழுப்பதில்லை. எடை எவ்வளவு கூடியது, பிக்கப் எவ்வளவு குறைந்தது என்று வீட்டிலேயே அளந்து பார்க்க ஆசை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எடைத் தட்டு, கூடவே முடுக்கம் காட்டும் மீட்டர் என்று ஒரே செட்டாக விற்கிறார்கள். வாங்கலாமா? போனில் இருக்கும் செயலியே போதுமா?

பதில்: அந்த செட்டை வாங்காதீர்கள். போன் செயலியும் போதாது. உங்களுக்கு வேண்டியவை இரண்டே பொருட்கள்: 150 கிலோ வரை தாங்கும் சாதாரணக் குளியலறைத் தராசு ஒன்று, நொடிக்குப் பத்து முறையாவது வேகத்தைப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று.

எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், வயர் எல்லாம் சேர்ந்து 28 கிலோ என்றும், புதிய சக்கரம் ஒவ்வொன்றும் பழையதைவிட 3 கிலோ கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 கிலோ. ஓட்டுநரோடு சேர்ந்து 1,050 கிலோ இருக்கும் காரில் இது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இதை நம்பகமாகப் பிடிக்க வேண்டுமென்றால் கருவியின் தடுமாற்றம் 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது எடையில் 10 கிலோ, பத்து நொடி ஓட்டத்தில் 0.1 நொடி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கார் அளவைக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வரம்பிலேயே தோற்றுவிடும்.

எடையை முதலில் முடித்துவிடலாம். கூடிய எடையை அறியக் காரையே எடை போட வேண்டியதில்லை. கூட்டிய பொருட்களைப் போட்டால் போதும். ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றித் தராசில் வையுங்கள். பழைய சக்கரத்தையும் புதிய சக்கரத்தையும் டயரோடு தனித்தனியாக வையுங்கள். குளியலறைத் தராசு 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும், அரை கிலோ தவறினாலும் பாதகமில்லை. காரின் மொத்த எடைக்கு ஆவணத்தில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதில் 2 விழுக்காடு பிழை இருந்தாலும் உங்கள் 3.8 விழுக்காடு 3.9 ஆகும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆவண எண்ணை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஐரோப்பிய விதியில் ஓட்டத் தயாரான எடை என்றால் 75 கிலோ ஓட்டுநரும் 90 விழுக்காடு எரிபொருளும் உள்ளே சேர்ந்திருக்கும். அமெரிக்க வழக்கில் டேங்க் நிறைந்திருக்கும், ஓட்டுநர் இருக்கமாட்டார். ஒரே காருக்கு இரண்டு எடை. இத்தனை ஆண்டுகளாக ஒரே வரையறைக்கு வர விதி போடுபவர்களால் முடியவில்லை. விளம்பரத்தில் எந்த எண் இலேசாகத் தெரிகிறதோ அதை விற்பவர்கள் போடுகிறார்கள், வாங்குபவர்தான் தலையைச் சொறிகிறார்.

சக்கரத்தில் கூடிய எடையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கியில் வைத்த ஒரு கிலோவை இன்ஜின் முன்னோக்கி மட்டும் தள்ளினால் போதும். டயரின் விளிம்பில் கூடிய ஒரு கிலோவை முன்னோக்கியும் தள்ள வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் வேகம் கூட்டும்போது அது ஏறக்குறைய இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். மையத்துக்கு அருகில் கூடிய எடைக்கு இந்தத் தொல்லை குறைவு. எந்தத் தராசும் இதைக் காட்டாது.

அதைவிடப் பெரிய சந்தேகம் டயரின் சுற்றளவு. ரிம் பெரிதானாலும் டயரின் மொத்த உயரம் மாறாமல் பார்த்திருந்தால் சரி. 3 விழுக்காடு உயர்ந்திருந்தால், அதே கியரில் தரையில் கிடைக்கும் இழுவை 3 விழுக்காடு குறையும். இது நாற்பது கிலோ சுமைக்குச் சற்றுதான் குறைவு. அளப்பது எளிது: டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு. ஓட்டுநர் உள்ளே இருக்க, சக்கரம் ஐந்து சுற்று சுற்றும் வரை காரைத் தள்ளி, தூரத்தை டேப்பால் அளந்து ஐந்தால் வகுங்கள். பழைய சக்கரத்திலும் புதிய சக்கரத்திலும் இதைச் செய்யுங்கள், இரண்டு முறையும் காற்றழுத்தம் ஒரே அளவில் இருக்கட்டும்.

அந்த நான்கு தட்டு செட் யாருக்குத் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதை எல்லோருக்குமான தேவையாக மாற்றிவிட்டார்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் உள்ள பந்தயக் கார்களுக்கு அது தேவை. அங்கே மொத்த எடை முக்கியமில்லை. முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் சேர்ந்து மொத்தத்தில் எத்தனை விழுக்காடு சுமக்கின்றன என்பதுதான் கேள்வி. அது 50 விழுக்காட்டிலிருந்து விலகினால் கார் ஒரு பக்கம் திரும்புவதும் மறுபக்கம் திரும்புவதும் வேறு வேறாக இருக்கும். இதை அறிய நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் எடை போட்டாக வேண்டும். அப்போதும் நான்கு தட்டுகளும் ஒன்றுக்கொன்று ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்க வேண்டும். ஒரு தட்டு 3 மி.மீ. தாழ்ந்தாலும் மூலைக்கு ஓரிரு கிலோ இடம் மாறிவிடும். மொத்தம் மட்டும் அப்படியே இருக்கும், ஆகவே தவறு கண்ணில் படாது. உங்கள் காரில் ஸ்பிரிங்கைத் திருக வழியே இல்லை. மூலை எடை தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? திருத்த முடியாததை அளக்கப் பணம் கட்டாதீர்கள்.

இல்லை, முழுக் காரையும் எடை போட்டே தீருவேன் என்றால், சரக்குக் கடைகளில் இருக்கும் பிளாட்ஃபார்ம் தராசு, 500 கிலோ தாங்குவது, உயரம் குறைவானது, இரண்டு வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள். 1,000 கிலோ காரின் முன்சக்கரம் 300 கிலோவைத் தொடும். ஏறும்போது விழும் அதிர்ச்சியையும் சேர்த்தால் 300 கிலோ தராசு தாங்காது.

ஒரே தராசை வைத்துச் சக்கரம் சக்கரமாகப் போட்டுக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். பலர் ஏமாறும் இடம் இதுதான். தட்டின் உயரம் 4 செ.மீ. என்றால், அளக்கப்படும் சக்கரம் மட்டும் மற்ற மூன்றைவிட 4 செ.மீ. உயர்ந்திருக்கும். அந்த மூலையின் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும், தராசு கூடுதலாகக் காட்டும். அந்த 4 செ.மீ.யை நான்கு ஸ்பிரிங்குகளும் பகிர்ந்துகொள்வதால், ஒரு செ.மீ. அமுங்க 20 கிலோ கேட்கும் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 20 கிலோ அதிகம் காட்டும். நான்கையும் கூட்டினால் 80 கிலோ பொய் எடை. பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. எந்தச் சக்கரத்தை அளக்கிறோமோ அதுதான் ஒவ்வொரு முறையும் உயர்ந்திருக்கிறது.

முன்சக்கரம் இரண்டையும் ஒன்றாகவும், பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகவும் இரண்டு தராசில் போட்டால் இந்த முறுக்கல் வராது. கார் சற்றே சாய்வதால் மொத்தத்தில் சில கிலோ குறைவாகக் காட்டும். மற்ற இரண்டு சக்கரங்களுக்கு அடியிலும் அதே 4 செ.மீ. உயரத்துக்குப் பிளைவுட் அடுக்கினால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு பலகையும் 40 செ.மீ. சதுரமாவது இருக்கட்டும், வழுக்காமல் திருகி இணையுங்கள்.

ஜாக்கி போட்டுத் தூக்கித் தட்டில் இறக்காதீர்கள். இறங்கும்போது டயர் பக்கவாட்டில் விரிய முடியாமல் பிடித்துக்கொள்ளும், சஸ்பென்ஷன் இயல்பான உயரத்துக்கு வராது. சரிவுப் பலகை வைத்து உருட்டி ஏற்றுங்கள். நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் காரை அமுக்கி ஆட்டிய பிறகு எடையைப் படியுங்கள். கார் உருளாமல் வைக்கும் கட்டை தட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். பாதி தட்டிலும் பாதி தரையிலுமாக இருந்தால் எடையின் ஒரு பங்கைத் தரை வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.75 கிலோ. 35 லிட்டர் டேங்க் நிறைந்திருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் 26 கிலோ வித்தியாசம், அதாவது ஏறக்குறைய உங்கள் ஸ்பீக்கர் பெட்டியின் எடை.

லாரிகளுக்கான எடை மேடைக்குப் போகலாமே என்பார்கள். 20 கிலோ பிரிவில், அதாவது 20, 40, 60 என்று தாவிக் காட்டும் மேடை சட்டப்படி முற்றிலும் சரியாக இருந்தாலும், பயன்பாட்டில் இருக்கும்போது உங்கள் காரின் எடை அளவில் 20 கிலோ வரை தவறலாம். சர்வதேசச் சட்ட அளவியல் அமைப்பின் பரிந்துரை அதை அனுமதிக்கிறது. 40 கிலோவைப் பிடிக்க அது உதவாது. 5 கிலோ பிரிவில் காட்டும் மேடை கிடைத்தால் போகலாம்.

இனித் தராசு விற்பவர்கள். தராசோடு அளவுத்திருத்தச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்கள். அதில் கருவியின் வரிசை எண், சோதித்த தேதி, வைத்த எடைகள், ஒவ்வோர் எடைக்கும் கருவி காட்டிய எண், பிழை, அந்தச் சோதனை எடைகள் எங்கே சரிபார்க்கப்பட்டன என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ‘சோதித்தோம், சரி’ என்று முத்திரை மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம். ‘துல்லியம் 0.1 விழுக்காடு’ என்று எழுதியிருந்தால், காட்டும் எடையிலா, கருவியின் உச்ச எடையிலா என்று கேளுங்கள். பதில் வராது. ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் யாரும் எதையும் சோதிக்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கும் முறையைத்தான் நோக வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். பத்து நிமிடம் இயங்க விடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் பிடித்த கேனைத் தட்டின் நான்கு மூலையிலும் மாறி மாறி வையுங்கள். நான்கு மூலையும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், காலிக் கேனின் எடையைக் கழித்தால் 20 கிலோ வர வேண்டும். காரை ஏற்றி இறக்கிய பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிக்கப் அளப்பதில் மூன்று கருவிகளைத் தவிருங்கள். முதலாவது ஸ்பீடோமீட்டரும் ஸ்டாப்வாட்சும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம்: உண்மையில் 100 என்றால் 114 வரை. அதோடு உங்கள் டயர் பெரிதாகியிருந்தால் அந்தக் கணக்கும் மாறிவிட்டது. பழைய ஓட்டத்தையும் புதிய ஓட்டத்தையும் இதில் ஒப்பிடவே முடியாது. இரண்டாவது ஓ.பி.டி. பிளக்கில், அதாவது காரின் கணினித் தகவலைப் படிக்கும் துளையில், செருகும் மலிவான அடாப்டர். அது கேட்டு வாங்கும் வேகம் முழு எண்ணாகவே வரும், தாமதமாக வரும், டயர் மாற்றமும் அதற்குத் தெரியாது.

மூன்றாவது, முடுக்க உணரியை மட்டும் நம்பும் மீட்டர். உங்களுக்கு விற்கப் பார்ப்பது இதுதான். அந்த உணரிக்குக் கார் வேகம் கூட்டுவதற்கும், கார் மூக்கைத் தூக்குவதற்கும் வேறுபாடு தெரியாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் காரின் பின்பக்கம் அமர்ந்து முன்பக்கம் எழும். ஒரே ஒரு டிகிரி எழுந்தாலும், ஒவ்வொரு நொடியிலும் ‘நொடிக்கு 0.17 மீட்டர்’ வேகத்தைக் கூடுதலாகக் கணக்கில் ஏற்றிவிடும். பத்து நொடியில் அது மணிக்கு 6 கி.மீ. ஆகிறது. டிக்கியில் 28 கிலோ வைத்த பிறகு பின்பக்கம் இன்னும் தாழும். ஆகவே சுமை ஏற்றிய கார் உண்மையைவிட வேகமாகத் தெரியவும் வாய்ப்புண்டு.

போனின் ஜி.பி.எஸ். பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் வேகத்தைத் தரும். செயலி அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தானாகக் கோடு போட்டு, நொடியில் நூறில் ஒரு பங்கு வரை எண் காட்டும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களுக்கு மதிப்பில்லை. தனிக் கருவி 10 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து முறை) போதும், 25 ஹெர்ட்ஸ் இருந்தால் நல்லது. பதிவை அட்டவணைக் கோப்பாக எடுக்க முடியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் வேகம் மாற வேண்டும். ஒரே எண் பத்து வரிக்குத் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே இருப்பது நொடிக்கு ஒரு முறை கருவிதான், வெளியே ஒட்டிய எண் பொய்.

இன்னொரு தந்திரம் இருக்கிறது. கார் முதல் 30 செ.மீ. நகரும் வரை கடிகாரத்தை ஓட்டாமல் வைக்கும் அமைப்பு இந்தக் கருவிகளில் உண்டு. பந்தயத் தடத்தின் பழைய வழக்கம் அது. உங்கள் கார் போன்றதில் இது 0.4 நொடியை விழுங்கிவிடும். இன்ஜின் ட்யூனிங் விற்பவர்கள் ‘முன்’ ஓட்டத்தை அது இல்லாமலும் ‘பின்’ ஓட்டத்தை அதோடும் அளந்து சீட்டு நீட்டினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அமைப்பை அணைத்துவிடுங்கள்.

பூஜ்யத்திலிருந்து 100 வரை அளக்கவும் வேண்டாம். கிளட்ச் விடும் விதம் ஒவ்வொரு முறையும் மாறும், நின்ற நிலையில் ஜி.பி.எஸ். வேகமும் தடுமாறும். மூன்றாம் கியரில் மணிக்கு 40-லிருந்து 80 வரை, கியர் மாற்றாமல் முழு ஆக்ஸிலரேட்டரில் போங்கள். பொதுச் சாலையில் செய்யாதீர்கள், மூடிய தடமோ தனியார் பாதையோ தேவை. ஏ.சி. அணைந்திருக்கட்டும், எரிபொருள் அளவு ஒன்றாக இருக்கட்டும், ஒரே ஆள் ஓட்டட்டும். கருவியைக் கண்ணாடிக்கு அருகே டேஷ்போர்டில் அசையாமல் ஒட்டுங்கள். கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் கூரைக்கு மாற்றுங்கள். ஒரு திசையில் மூன்று ஓட்டம், அதே பாதையில் எதிர்த்திசையில் மூன்று. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் தேடும் 4 விழுக்காட்டை அது ஒன்றே தின்றுவிடும். ஆறு ஓட்டத்தின் சராசரியை எடுங்கள்.

பிறகு பழைய சக்கரத்தை மாட்டி, பெட்டியை இறக்கிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். முன்பு 7 நொடி எடுத்த ஓட்டத்தில் எடையால் 0.3 நொடி, டயர் உயரம் கூடியிருந்தால் இன்னுமொரு 0.2 நொடி வித்தியாசம் வரலாம். அதற்கு மேல் வந்தால் காரணம் எடையில்லை. ஓட்டி முடித்ததும் நான்கு ரிம்மின் நடுப்பகுதிக்கும் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பிரேக் உராய்கிறது. முழு ஆக்ஸிலரேட்டரில் இன்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெரிய சக்கரத்தை மாட்டிக் கொடுத்தவரிடம் முதலில் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.