எப்போதும் தோற்கும் சான் மரினோவை ஏன் இன்னும் கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட விடுகிறார்கள்?

கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: 10-0, 8-0 என்று தோற்கிற ஆட்டங்களால் யாருக்கு என்ன லாபம்?

ஆட விடத்தான் வேண்டும் என்பது என் பதில். பல வருடங்களாக இந்த அணியின் ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சான் மரினோவின் பரப்பளவு 61 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 34,000. நாலா பக்கமும் இத்தாலி. ஆண்களில் சிறுவர்களையும் வயதானவர்களையும் கழித்துவிட்டால் சர்வதேச ஆட்டம் ஆடக்கூடிய வயதில் சில ஆயிரம் பேர்தான் தேறுவார்கள். அதிலிருந்து பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்து ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் எதிரே நிறுத்த வேண்டும். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கால்பந்து தொழில் இல்லை. 1998 முதல் 2013 வரை பயிற்சியாளராக இருந்த ஜம்பவுலோ மாட்சா உடற்கல்வி ஆசிரியர். நாட்டுக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடிய மத்தேயோ வித்தயோலி கிராஃபிக் டிசைனர். வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள், தேசிய அணி ஆட்டம் என்றால் லீவு சொல்லிவிட்டு வருகிறவர்கள்.

அந்த மண்ணில் நல்ல ஆட்டக்காரர்களே பிறக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மாசிமோ போனினி என்று ஒருவர் இருந்தார். 1981 முதல் 1988 வரை இத்தாலியின் யுவென்டஸ் அணியின் நடுக்களத்தில் ஓயாமல் ஓடியவர். அந்த அணியின் நட்சத்திரம் பிளாட்டினி கோல் அடிக்க, பின்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுக்கிற வேலை இவருடையது. 1985-ல் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஆடினார். ஆனால் இத்தாலியின் மூத்தோர் அணிக்குப் போக சான் மரினோ குடியுரிமையை விட்டுவிட வேண்டும் என்று வந்தபோது மறுத்துவிட்டார். அப்போது சான் மரினோவுக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அங்கீகாரமே கிடையாது. அதாவது சொந்த நாட்டுக்காக ஆட வாய்ப்பு வருமா என்றே தெரியாத காலத்தில் எடுத்த முடிவு அது. 1988-ல் அங்கீகாரம் வந்தது. 1990 நவம்பரில் சொந்த நாட்டில் இருக்கிற செராவல்லே மைதானத்தில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக முதல் அதிகாரப்பூர்வ ஆட்டம், 4-0 தோல்வி. போனினிக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் நாட்டுக்காக 19 ஆட்டங்கள் ஆடினார். இந்த அணி எதற்காக ஆடுகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிற பெயர் இவருடையதுதான்.

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த அந்த கோல். 1993 நவம்பர் 17, பொலோன்யா நகரம், எதிரே இங்கிலாந்து. ஸ்டூவர்ட் பியர்ஸ் தன் கோல்கீப்பர் டேவிட் சீமனுக்குப் பந்தைத் திருப்பித் தள்ளினார், அதில் வேகம் போதவில்லை. தாவிதே குவால்தியேரி இடையில் பாய்ந்து வலைக்குள் தட்டிவிட்டார். ஆட்டம் தொடங்கி 8.3 வினாடிதான் ஆகியிருந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அதிவேக கோல் என்ற பெயர் 2016 வரை அதற்கே இருந்தது. இங்கிலாந்து சமன் செய்ய இருபது நிமிடங்களுக்கு மேல் ஆனது. கடைசியில் 7-1 என்று இங்கிலாந்து ஜெயித்தது, ஆனாலும் உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை. இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதே வருடம் மார்ச்சில் துருக்கியுடன் 0-0 என்று டிரா செய்தது. தவறிக் கிடைத்த பந்தில் ஒரு கோல் அடித்துவிடலாம், 90 நிமிடம் ஒரு கோல்கூட விடாமல் நிற்பது வேறு விஷயம். 2001-ல் ரீகாவில் லாட்வியாவுடன் 1-1. அந்த ஒரு டிராவுக்காகவே லாட்வியாவின் பயிற்சியாளர் கேரி ஜான்சன் பதவி விலகினார்.

நடுவில் இருண்ட வருடங்கள் நிறைய. 2006 செப்டம்பரில் சான் மரினோவின் சொந்த மண்ணிலேயே ஜெர்மனி 13-0 என்று அடித்தது. தொடர்ந்து 61 தோல்விகளுக்குப் பிறகு 2014-ல் எஸ்டோனியாவுடன் ஒரு 0-0. 2016-ல் மறுபடியும் ஜெர்மனி, 8-0. ஆட்டம் முடிந்ததும் ஜெர்மனியின் முன்னணி ஆட்டக்காரர் தாமஸ் முல்லர், இது தொழில்முறைக் கால்பந்தே இல்லை, நெருக்கடியான அட்டவணையில் இது எதற்கு என்கிற தொனியில் பேசினார். அதற்கு சான் மரினோ ஒலிம்பிக் குழுவின் அலன் காஸ்பெரோனி பத்துக் காரணங்களை அடுக்கி ஒரு திறந்த மடல் எழுதினார். அதன் சாரம், கால்பந்து உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, அதை நேசிக்கிற எல்லோருக்கும் சொந்தம் என்பதுதான். முல்லர் அந்த ஆட்டத்தில் கோல் அடிக்கவில்லை என்பதையும் மடலில் மறக்காமல் நினைவூட்டியிருந்தார்.

முல்லரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய கிளப்களில் ஆடுகிறவர்களுக்கு ஓய்வு குறைவு, காயங்கள் அதிகம். ஆனால் அந்தச் சுமையை ஏற்றியது கிளப் போட்டிகளின் எண்ணிக்கை. வருடத்துக்கு ஓரிரு முறை வருகிற சான் மரினோவை அதற்குக் காரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இவர்கள் ஏன் இவ்வளவு தோற்றார்கள்? ஆள் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதி, குலுக்கல் முறையில் இருக்கிறது. தகுதிச் சுற்றில் அணிகளைத் தர வரிசைப்படி சட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஓர் அணியை எடுத்துக் குழு அமைப்பார்கள். கடைசிச் சட்டியில் இருக்கிற இரண்டு அணிகள் ஒரே குழுவில் வரவே முடியாது. சான் மரினோ எப்போதும் கடைசிச் சட்டி. ஆகவே குழுவில் இருக்கிற ஒவ்வோர் அணியும் அவர்களைவிடப் பலமானது, ஒவ்வொரு முறையும், கால் நூற்றாண்டுக்கும் மேலாக. தனக்குச் சமமான எதிரணியை நட்பு ஆட்டத்தில்தான் பார்க்க முடிந்தது. அப்படி ஒரு நட்பு ஆட்டத்தில்தான் முதல் வெற்றியும் வந்தது: 2004 ஏப்ரல் 28, இன்னொரு குட்டி நாடான லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக 1-0, ஆண்டி செல்வா ஃப்ரீ கிக்கில் அடித்த கோல்.

2018-ல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, நேஷன்ஸ் லீக் என்ற போட்டியைத் தொடங்கியது. ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, சமமானவர்களோடு சமமானவர்களை மோத விடுகிற போட்டி. சான் மரினோவுக்குக் கடைசியான டி பிரிவு. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் பதிப்பில் ஆறு ஆட்டங்களும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 2020-ல் லீக்டன்ஸ்டைனுடனும் ஜிப்ரால்டருடனும் கோலில்லாத டிரா. 2022-ல் மறுபடி எல்லாம் தோல்வி. ஆனாலும் ஆட்டத்தில் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. 2023 அக்டோபரில் யூரோ எனப்படும் ஐரோப்பியக் கோப்பையின் தகுதிச் சுற்றில் டென்மார்க்குக்கு எதிராக கோலினூச்சி அடித்து 1-1 என்று சமன் செய்தபோது செராவல்லே அதிர்ந்தது. கடைசியில் 2-1 என்றுதான் தோற்றார்கள். அதற்கடுத்த மாதம் கஜகஸ்தான், பின்லாந்து என இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தார்கள்.

2024 செப்டம்பர் 5. மறுபடியும் லீக்டன்ஸ்டைன், ஆனால் இந்த முறை நேஷன்ஸ் லீக்கில், அதிகாரப்பூர்வ ஆட்டம். 53-வது நிமிடத்தில் எதிரணியின் தடுப்பாட்டக்காரரும் கோல்கீப்பரும் குழம்பிய ஒரு நொடியில் நிக்கோ சென்சோலி என்ற பையன் இடையில் புகுந்து பந்தைத் தள்ளிவிட்டான். 1-0. இருபது வருடம், 140 ஆட்டங்களுக்குப் பிறகு ஒரு வெற்றி, அதிகாரப்பூர்வப் போட்டிகளில் முதல் வெற்றி. சென்சோலிக்கு அப்போது 19 வயது. முந்தைய வெற்றியின்போது அவன் பிறக்கவே இல்லை.

நவம்பர் 18 அன்று லீக்டன்ஸ்டைனின் தலைநகர் வடூட்ஸில் நடந்த கடைசிக் குழு ஆட்டம் இன்னும் பெரியது. நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் உட்கார்ந்து பார்த்தேன். ஜெயித்தால் குழுவில் முதலிடம், சி பிரிவுக்குப் பதவி உயர்வு. டிரா ஆனால்கூட குழுவின் மூன்றாவது அணியான ஜிப்ரால்டரை முந்த முடியாது. இடைவேளைக்குச் சற்று முன் லீக்டன்ஸ்டைன் கோல் அடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் சான் மரினோ இடிந்துவிடும். அன்று இரண்டாம் பாதி தொடங்கியவுடனே லட்சாரி சமன் செய்தார். பிறகு நான்னியின் பெனால்டி. பத்து நிமிடம் கழித்து கோலினூச்சி மூன்றாவதையும் அடித்தார். நான் கவனித்தது அந்த மூன்றாவது கோலுக்கு முந்தைய நிமிடங்களை. முன்னிலையில் இருந்த அணி பின்வாங்கிக் கோட்டை கட்டவில்லை, முன்னேறித்தான் ஆடிக்கொண்டிருந்தது. 3-1. வெளி மண்ணில் முதல் வெற்றி, ஒரே ஆட்டத்தில் முதல் முறையாக மூன்று கோல். பயிற்சியாளர் ரொபெர்தோ செவோலி பொறுப்பேற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சரி, அப்படியென்றால் சமமானவர்களோடு மட்டும் ஆடட்டும், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு முன்சுற்று ஒன்று வைத்து வடிகட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆசியாவில் அந்த முறை இருக்கிறது. 2015-ல் உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த பூட்டான், கொழும்பில் இலங்கையை 1-0 என்றும் திம்புவில் 2-1 என்றும் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது. பூட்டான் ரசிகர்களுக்கு அது திருவிழா. இலங்கையின் உலகக் கோப்பைப் பயணமோ இரண்டே ஆட்டங்களில் முடிந்துபோனது. ஐரோப்பாவில் எல்லா அணிகளும் குழுச் சுற்றில் ஆடுகின்றன, ஒரு சுற்றுக்குக் குறைந்தது ஆறு, எட்டு ஆட்டங்கள் உறுதி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைத் தடுக்க, அப்படி அடிக்கிறவன் எதிரே நின்று அடித்தால்தான் பழக முடியும். டென்மார்க்கிடம் 70 நிமிடம் தாக்குப்பிடித்த அணிதான் வடூட்ஸில் பதறாமல் ஆடியது என்று நான் நினைக்கிறேன். சமமானவர்களோடும் ஆட வேண்டும், பலமானவர்களோடும் ஆட வேண்டும்.

இதற்குப் பிறகும் அடி விழத்தான் செய்கிறது. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டங்களும் தோல்வி. 2025 அக்டோபரில் வியன்னாவில் ஆஸ்திரியா 10-0 என்று அடித்தது. கரீபியன் குட்டித் தீவான குராசாவோ மட்டும் எப்படி உலகக் கோப்பைக்குப் போனது என்று கேட்பீர்கள். அங்கே மக்கள்தொகை ஒன்றரை லட்சம், அணியில் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்து அங்குள்ள அகாதமிகளில் வளர்ந்தவர்கள். அப்படி ஒரு வழி சான் மரினோவுக்கு இல்லை. அவர்களிடம் இருப்பது அந்த 34,000 பேர்தான்.

2026-27 நேஷன்ஸ் லீக்கில் அவர்கள் சி பிரிவில் ஆடுவார்கள். எதிரணிகள் எல்லாம் ஒரு படி மேலே இருக்கும், நிறையத் தோல்விகள் வரலாம். நீங்கள் இந்த அணியைப் பார்த்ததே இல்லை என்றால் 10-0 ஆட்டங்களின் கோல் தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். வடூட்ஸ் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுசாகப் பாருங்கள், முக்கியமாக 46-லிருந்து 76-வது நிமிடம் வரை.