சுருட்டை முடிக்குத் தேங்காய் எண்ணெய்!

கேள்வி: டெவான் ரெக்ஸ் என்ற சுருட்டை முடி இனத்தைச் சேர்ந்த எங்கள் பூனைக்கு ஒன்றரை வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "முடி காஞ்சு கெடக்குடி" என்று தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சீவி விடுகிறார். இப்போது கழுத்தடியில் முடியே இல்லை, தொட்டால் பிசுபிசுக்கிறது. ஏதாவது நோயா?
- வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: முதல் வேலையாக அந்தச் சீப்பை ஒளித்து வையுங்கள், எண்ணெய் பாட்டிலையும் சேர்த்து. இந்த இனத்துக்கு முடி மெலிசு, சீவச் சீவ ஒடிந்துபோகும். அதன் மீசையையே பாருங்களேன், கட்டை கட்டையாக முறிந்திருக்கும். மற்றப் பூனைகளுக்குத் தோலில் ஊறும் எண்ணெய் முடி நெடுக ஏறிவிடும், இதற்கு ஏற அவ்வளவு முடி கிடையாது, அதனால் தோலிலேயே தங்கி அழுக்கோடு சேர்ந்து பிசுக்காகிறது. அதன்மேல் நாமும் எண்ணெய் வைத்தால்? அத்தனையையும் நக்கி விழுங்கி வயிற்றுப்போக்கு வேறு வரலாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பிசுக்கு ஏறினால் பூனை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி உடனே துவட்டிவிடுங்கள், குளிர் தாங்காது. அப்புறம், பாதத்தை லேசாக அழுத்தி நகத்தை வெளியே வரவழைத்துப் பாருங்கள். அடியில் பழுப்பாக மெழுகு மாதிரி அப்பியிருந்தால் ஈரப் பஞ்சால் எடுங்கள். காது மடலிலும் இப்படித்தான் சேரும், ஆனால் குச்சியை உள்ளே விடக்கூடாது. டெவான் ரெக்ஸுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் முடி குறைவாக இருப்பது சகஜம்தான். தோல் சிவந்து, நாற்றமடித்து, பூனை ஓயாமல் சொறிந்தால் மலசீசியா என்ற பூஞ்சை பெருகியிருக்கலாம், இந்த இனத்தில் அது அடிக்கடி பார்ப்பதுதான். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு வருத்தம் வேண்டாம். மடியில் போட்டுக்கொண்டு சால்வையால் மூடச் சொல்லுங்கள், சூடு கிடைத்தால் பூனை நகரவே நகராது.

கேள்வி: கார்னிஷ் ரெக்ஸ், டெவான் ரெக்ஸ் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஆரம்பத்தில் இவை பிறந்த இங்கிலாந்திலேயும் அப்படித்தான் நினைத்தார்கள். கார்னிஷ் 1950-இல் கார்ன்வாலில் பிறந்தது. பத்து வருடம் கழித்து, பக்கத்து மாவட்டமான டெவானில் பக்ஃபாஸ்ட்லி என்ற ஊரில் கிர்லீ என்ற சுருட்டைக் குட்டி கிடைத்ததும், சொந்தமாக இருக்கும் என்று கார்னிஷ் பூனைகளோடு இணை சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்த குட்டி எல்லாம் நேர் முடி! இரண்டுக்கும் சுருட்டை தரும் மரபணுவே வேறு.

கேள்வி: முடி குறைவு என்பதால் அலர்ஜி வராதாமே?

பதில்: விற்கிறவர்கள் சொல்வது. அலர்ஜியைக் கிளப்புவது முடி இல்லை, எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருக்கும் ஒரு புரதம். அது இந்தப் பூனைக்கும் உண்டு. பணம் கொடுக்கும் முன், அந்தப் பூனை இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று தடவை போய் உட்கார்ந்து, தும்மல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.