தேயிலைக்குள் தொலைந்த பந்து

அன்பின் அண்ணா,

விளையாட்டை வைத்து எடுத்த சிரிப்புப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது வீண் வேலை, ஜெயித்தவனை மறுபடி ஜெயிக்கச் சொல்வதில் என்ன சிரிப்பு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அப்போது நானும் தலையாட்டினேன். போன வாரம் 'ஹாப்பி கில்மோர்' என்ற கோல்ப் சிரிப்புப் படத்தின் இரண்டாம் பாகத்தை மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்குப் பதினைந்து வயது, முதல் பாகத்தைப் பார்த்ததில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானோ கல்லறைத் தோட்டத்துக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது படத்தின் சிறப்பா, என் வயதின் கோளாறா? இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாக முடியுமா? மகனுக்கு இனி முதல் பாகத்தைக் காட்டலாமா?

ஒரு வாசகர், கொட்டகலை

அன்புத் தம்பி,

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் மறுபடி பார்த்தேன். நான் எழுதியதில் பாதி தவறு என்று இப்போது படுகிறது.

1996இல் வந்த முதல் படம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஐஸ் ஹாக்கி அணியில் இடம் கிடைக்காத கில்மோர் என்ற ஒரு முரடன். பாட்டியின் வீடு வரிப் பாக்கியில் பறிபோகிறது. பாக்கி 270,000 டொலர். ஐஸ் ஹாக்கித் தட்டை விளாசுவதைப் போல ஓடிவந்து கோல்ப் பந்தை விளாசினால் அது நானூறு யார் போகிறது என்று தற்செயலாகத் தெரிந்துகொள்கிறான். வீட்டை மீட்கக் கனவான்களின் ஆட்டத்துக்குள் நுழைகிறான். புல்தரையில் கெட்ட வார்த்தை பேசுகிறான், குழியில் விழ மறுக்கும் பந்தைத் திட்டுகிறான். அவனைப் பார்க்க வரும் கூட்டமும் அவனைப் போன்ற கூட்டம்தான்.

இதை மலையகத்தில் வளர்ந்தவன் வேறுவிதமாகப் பார்ப்பான். நுவரெலியாவின் கோல்ப் கழகம் 1889இல் ஆரம்பித்தது. பதினெட்டுக் குழிகளும் நகரத்தின் நடுவிலேயே இருக்கின்றன. சிறுவயதில் அம்மாவோடு அந்தப் பக்கம் நடந்து போகும்போது ஒரு பந்து வேலியைத் தாண்டி வந்து என் காலடியில் வடிகால் கானுக்குள் விழுந்தது. நான் குனிந்தேன். அந்தப் பக்கமிருந்து தோளில் பெரிய பையோடு ஓடிவந்த ஒருவர், "தம்பி, தொட்டிராதே" என்றார். எங்கள் தோட்டத்து லயத்துப் பேச்சு. அந்தப் பையில் இருந்த மட்டைகளில் ஒன்றுகூட அவருடையது இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. பிற்காலத்தில் அந்தப் படத்தில் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவன் மட்டையைப் பிடித்து ஓடிவந்து விளாசியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சிக்கலும் அங்கேதான். படம் முடியும்போது அவன் உள்ளே வந்துவிட்டான். உள்ளே வந்தவனின் முரட்டுத்தனத்தில் சிரிப்பு இல்லை, அது வெறும் திமிர். தெருக் கிரிக்கெட்டை வைத்து எடுத்த 'சென்னை 600028' நினைவிருக்கிறதா? 2007இல் அந்தப் பையன்களிடம் இழக்கப் பெரிதாக ஒன்றுமே இல்லை. பொடியன்களிடம் பந்தயம் கட்டித் தோற்பது அவர்களுக்கு உலகமே இடிந்ததைப் போல இருந்தது, அதனால் நாம் சிரித்தோம். 2016இல் அதே நண்பர்களை ஒரு கல்யாணத்துக்காகத் தேனிப் பக்கம் கூட்டிப் போனார்கள். மனைவிக்குப் பொய் சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கும் கணவன்மார்களின் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டத்தின் மேல் வேறு பெரிய கவலைகளை ஏற்றி வைத்ததும் தெருவோரத்து லேசான காற்று போய்விட்டது. இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் பந்தயத்தைப் பெரிதாக்கினால் ஆட்டமும் பெரிதாகும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

2025 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஹாப்பி கில்மோர்' இரண்டாம் பாகமும் பல இடங்களில் அந்தத் தவறைச் செய்கிறது. நிஜமான கோல்ப் வீரர்களும் பிரபலங்களும் வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். பழைய சிரிப்பு ஒன்று திரும்பி வரும்போதெல்லாம் முதல் படத்தின் துண்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். இது எனக்குக் கோபத்தையே மூட்டியது. இருபத்தொன்பது வருடங்களாக மனத்தில் வைத்திருப்பவனுக்கு அதை எதற்கு நினைவூட்ட வேண்டும்? கடைசிப் பகுதியில் வரும் புதுமாதிரிக் கோல்ப் போட்டியைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமே இல்லை.

ஆனால் ஆரம்பத்தில் துணிந்து ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஜெயித்தவனிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள். அவன் அடித்த பந்தே மனைவியின் உயிரைக் குடிக்கிறது. ஐந்து பிள்ளைகளோடு, குடியோடு, மீட்ட வீட்டையும் இழந்து நிற்கிறான். மகளைப் பாரிஸில் பாலே படிக்க அனுப்ப வருடத்துக்கு 75,000 டொலர் வேண்டும். முதல் படத்தில் பாட்டிக்காகப் பணம் தேடியவன் இப்போது மகளுக்காகத் தேடுகிறான். அவன் மறுபடி வேலிக்கு வெளியே வந்துவிட்டான், அதனால் மறுபடி சிரிக்க முடிகிறது.

நீங்கள் கண் துடைத்த காட்சிக்கு வருகிறேன். பரம எதிரியான ஷூட்டர் மெக்கவின் பல வருடம் மனநல விடுதியில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். கில்மோரும் அவரும் கல்லறைத் தோட்டத்தில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். அவர்கள் போய் மோதும் கற்களில் முதல் படத்தில் வந்தவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அந்தப் பாத்திரங்களில் நடித்தவர்கள் பலர் நிஜத்திலேயே இறந்துவிட்டார்கள். ஒற்றைக் கை ஆசானாக வந்த கார்ல் வெதர்ஸ் 2024 பெப்ரவரியில் இறந்தார். இரண்டு கிழட்டு எதிரிகள் செத்தவர்கள் மேல் விழுந்து புரளும்போது மகன் சிரித்தது சரி, நீங்கள் அழுததும் சரி.

அந்தக் காட்சியை நான் ஏற்கெனவே ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து டிவிஷனில் தீபாவளிக்கு மறுநாள் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடக்கும். அணிக்கு எட்டுப் பேர், ஐந்து ஓவர். கோயிலுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு சரிவான களம். தேயிலைக்குள் பந்து போனால் நான்கு ஓட்டம், ஆனால் பந்தைக் கண்டுபிடித்தால்தான் ஆட்டம் தொடரும். எங்களில் ஒருவன் பந்து தேடுவதில் கெட்டிக்காரன். விழுந்த சத்தத்தைக் கேட்டே இத்தனையாவது நிரை, இந்தச் செடி என்று சொல்லி, முழங்காலால் செடிகளை விலக்கி நேராகப் போய் எடுத்து வருவான். ஒரு வருடம் நாங்கள் கிண்ணத்தை வென்றோம். பிறகு ஒருவன் கொழும்பில் கடைக்குப் போனான், ஒருவன் கட்டாருக்குப் போனான். பந்து தேடுபவன் மலையில் குளவி கொட்டி இறந்துபோனான்.

பத்து வருடத்துக்குப் பின் ஒரு தீபாவளிக்கு மற்ற ஏழு பேரும் ஊரில் இருந்தோம். எட்டாவதாக அவனுடைய அக்கா மகனைச் சேர்த்துக்கொண்டு இறங்கினோம். இரண்டாவது ஓவரிலேயே பந்து தேயிலைக்குள் போனது. ஏழு பேரும் அசையாமல் நின்றோம், ஒவ்வொருவனும் அவன் போவான் என்று காத்திருந்ததைப் போல. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தோம். கட்டாரிலிருந்து வந்தவன் கானுக்குள் சறுக்கினான். கொழும்புக்காரனின் புதுக் காற்சட்டைக்குள் அட்டை ஏறிவிட்டது, அவன் போட்ட கூச்சலில் லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். மூடுபனி இறங்கும்வரை தேடினோம். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் தேடினோம். பந்து கிடைக்கவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது. கிண்ணம் வென்ற வருடத்தைவிட அந்த மாலைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும். யார் இப்போது இல்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் களத்தில் இறங்கும் படத்தால் முடியும். 'ஹாப்பி கில்மோர்' இரண்டாம் பாகம் முழுதாக அப்படி இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அது முதல் படத்தைத் தொட்டுவிட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன். உங்கள் கண்ணீர் வயதின் கோளாறு இல்லை.

மகனுக்கு முதல் பாகத்தைக் கட்டாயம் காட்டுங்கள். அவன் அந்தக் கற்களில் இருந்த பெயர்களை இனிமேல்தான் உயிரோடு பார்க்கப் போகிறான், எனக்கு அவன்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானுஓயா வழியாக பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போய் அந்த வேலியோரம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அடிப்பவரைப் பார்த்த பிறகு, பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பவரையும் அவனுக்குக் காட்டுங்கள்.