கட்டாயப்படுத்திச் சிகிச்சைக்கு அனுப்பினால் போதைப் பழக்கம் விடுமா?

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் உங்கள் தம்பிக்குச் சிறைக்குப் பதிலாக நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை தருவதாகச் சொல்கிறார்கள், கட்டாயத்தால் ஒருவன் மாறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்தத் திட்டத்தில் சேர்ந்தால், பின்னாளில் வழக்கே தள்ளுபடியானாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். நாடுகடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதைக் கட்சிக்காரரிடம் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் பாடில்லா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தயங்காமல் கேட்கலாம்.

இனி உங்கள் கேள்வி. என் அண்ணன் மகன் நியூஜெர்சியில் பிறந்தவன். குடியுரிமை இருந்ததால் அந்தத் தலைவலி எங்களுக்கு இல்லை. கல்லூரியில் கால்பந்து ஆடி முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டான். வலிக்கு ஆக்சிகோடோன் கொடுத்தார்கள், அபின் வகையைச் சேர்ந்த, பழக்கமாகிவிடக்கூடிய வலிமாத்திரை அது. மருந்துச் சீட்டு தீர்ந்த பிறகு மாத்திரையை வெளியில் வாங்கினான். அது கட்டுப்படியாகாமல் ஹெராயினுக்குப் போனான். கைதான பிறகுதான் வீட்டுக்கே தெரியும். அவனுக்கும் சிறைக்குப் பதிலாக நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை என்றார்கள்.

இப்படிப்பட்ட நீதிமன்றம் முதலில் 1989இல் மயாமியில் வந்தது. கோக்கெயின் வழக்குகளால் சிறைகள் நிரம்பி வழிந்த காலம் அது. நியூஜெர்சியில் இப்போது ரெக்கவரி கோர்ட், அதாவது மீட்பு நீதிமன்றம், என்கிறார்கள். தொடக்கத்தில் அடிக்கடி நீதிபதி முன் நிற்க வேண்டும். எந்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கூடவே ஆலோசனை, குழுக் கூட்டம், வேலை தேடுதல். தவறிக்கொண்டே இருந்தால் சிறைத்தண்டனை காத்திருக்கிறது.

முதல் வாரம் நானும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எழுந்து, சனிக்கிழமை மறுபடி எடுத்துவிட்டேன் என்றார். நீதிபதி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று கூறி ஆலோசனை நேரத்தைக் கூட்டினார். அடுத்தவர் பரிசோதனையில் ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவர். அவருக்கு இரண்டு நாள் சிறை. போதை எடுத்தவனுக்கு நன்றி, பொய் சொன்னவனுக்குச் சிறையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு என்று உறைக்கச் சில மாதங்கள் ஆயின. எங்களிடம் நன்றாகப் பொய் சொன்ன வரைக்கும் அவன் நல்ல பிள்ளையாக இருந்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. கட்டாயம் அவனை வாசல் வரைக்கும் கொண்டுவந்தது. சிறைக்குப் பயந்து பரிசோதனைக்குப் போனான், பயந்து குழுவில் உட்கார்ந்தான். பயத்தால் அவனை வாய்திறந்து பேச வைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் கைவிட மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பக் கண்ட பிறகே பேசினான்.

குழுவில் ஒரு பயிற்சி உண்டு. ஏக்கம் வரும்போது நான்கு கேள்விகளைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? எங்கள் குடும்பத்தில் முதல் கேள்வியை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம். "சாப்பிட்டாயா?" அவன் சாப்பிட்டிருந்தான். விளையாட முடியாமல் போனபின் தன்னைத் தேடி ஒரு நண்பனும் வரவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாட்களில் நானும் அவனிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் கேட்ட நினைவில்லை.

மருந்து பற்றியும் வீட்டில் சண்டை வரும், தயாராக இருங்கள். அவனுக்கு பியூப்ரினார்ஃபின் என்ற சிகிச்சை மருந்தைக் கொடுத்தார்கள், அதுவும் அபின் வகைதான். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று அண்ணி அழுதார். சரியான அளவில் எடுத்தால் அது ஏக்கத்தை அடக்கும், மயக்காது, அளவு மீறிச் சாகும் ஆபத்தையும் குறைக்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், சொந்தக்காரர்கள் வேண்டாம்.

ஐந்தாம் மாதம் சறுக்கினான். சறுக்கலில்தான் உயிராபத்து அதிகம், ஏனென்றால் சில காலம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் நலாக்சோன் என்ற மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை அன்றிலிருந்து சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. அந்த முறை பரிசோதனைக்குக் கூப்பிடும் முன்பே அவனாகப் போய்ச் சொல்லிவிட்டான். மறுபடி வாராவாரம் நீதிமன்றம் வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். மொத்தம் மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தது.

அண்ணி இப்போதும் தொலைபேசியில் "சாப்பிட்டாயா" என்றுதான் ஆரம்பிக்கிறார். அதற்குப் பதில் வந்ததும் வைத்துவிடுவதில்லை.