முட்டிக்கொண்டு வருபவருக்கு வழிவிடுவது தோல்வியா?

கேள்வி: மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அங்கிருந்து அலுவலகத்துக்குத் தினமும் நானே கார் ஓட்டிச் செல்கிறேன். ஓட்டத் தொடங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பவர்கள், இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே நுழைபவர்கள், இரவில் ஹைபீமைக் குறைக்காமலே எதிரில் வருபவர்கள் என்று நாள்தோறும் யாராவது ஒருவர் என் பொறுமையைச் சோதிக்கிறார். சென்ற வாரம் ஒருவர் இரண்டு கார் நீளம்கூட இடைவெளி விடாமல் பின்னாலேயே வந்தார். என் வேகம் 60 கிலோமீட்டர் இருக்கும். அவரை எச்சரிப்பதற்காக பிரேக்கை லேசாகத் தொட்டேன். பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த புத்தகப் பை நழுவிக் கீழே விழுந்தது; அவள் பயந்துவிட்டாள். நான் செய்தது தவறா? இத்தகையவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்ற இடம் அந்தப் புத்தகப் பைதான். புத்தகங்கள் நிறைந்த ஒரு பை, துணி போர்த்திய இருக்கையிலிருந்து நழுவி விழ வேண்டுமானால், கால் லேசாகத் தொட்டிருக்க முடியாது. கோபத்தில் இருக்கும்போது நம் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது நமக்கே தெரிவதில்லை. 22 ஆண்டுகளாக வாகனம் ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். "லேசாகத்தான் தொட்டேன்" என்று சொன்ன பலரின் பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் என் நெஞ்சை இறுக்க அமர்ந்திருந்திருக்கிறேன். ஆகவே நேராகவே சொல்கிறேன்: நீங்கள் செய்தது தவறுதான். பின்னால் வந்தவர் செய்ததும் தவறுதான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் மகள் இருந்தது உங்கள் காரில்.

அன்று என்ன நடந்திருக்கக்கூடும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு, காலை எடுத்து, பிரேக்கில் வைப்பதற்கு விழிப்போடு ஓட்டுபவருக்கே சுமார் ஒரு நொடி ஆகும்; கவனம் சற்றுச் சிதறியிருந்தால் ஒன்றரை நொடியும் அதற்கு மேலும் ஆகும். இரண்டு வாகனங்களும் ஒரே வலிமையில் பிரேக் பிடித்தாலும்கூட, பின்னவர் தாமதித்த அந்த ஒரு நொடிக்கு ஈடாக 17 மீட்டர் இடைவெளி இருந்தால்தான் முட்டாமல் நிற்க முடியும். இரண்டு கார் நீளம் என்பது 8 அல்லது 9 மீட்டர். நீங்கள் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தியிருந்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்திருந்தாலும், உங்கள் காரின் பின்புறத்தில், அதாவது உங்கள் மகளின் முதுகுக்குப் பின்னால், வந்து மோதியிருப்பார்.

அப்படியானால் ஒட்டிக்கொண்டு வருபவரை என்ன செய்வது? பலருக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒரு பதிலை நான் முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன்: பின்னால் இடம் குறைந்தால், முன்னால் இடத்தைக் கூட்டுங்கள். வழக்கமாக முன் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையே 2 நொடி இடைவெளி வேண்டும். முன் வாகனம் சாலையோரத்து மரத்தையோ கம்பத்தையோ கடந்த நொடியிலிருந்து நிதானமாக எண்ணத் தொடங்கி, இரண்டு எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அதே இடத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஈரச் சாலையில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வரும்போதும் 4 நொடி விடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினாலே போதும், பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. முன்னால் எது நடந்தாலும் நீங்கள் படிப்படியாக வேகத்தைக் குறைத்துக்கொள்ள இந்த இடம் உதவும். நீங்கள் படிப்படியாகக் குறைத்தால் பின்னால் இருப்பவருக்கும் நிறுத்த நேரம் கிடைக்கும். அவர் விடாத இடைவெளியை அவருக்காக நீங்கள் விடுகிறீர்கள். அவர் அதற்குத் தகுதியானவரா என்ற கேள்வியை அப்போது எழுப்ப வேண்டாம். அந்த இடத்தால் முதலில் காக்கப்படுபவர்கள் உங்கள் காரில் இருப்பவர்கள்.

அடுத்து, வழி கிடைத்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி அவரை முன்னே போகவிடுங்கள். அவருடைய அவசரத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் அவரும் கூட்டிக்கொண்டு அதே நெருக்கத்தில்தான் வருவார், இப்போது இருவரும் இன்னும் ஆபத்தான வேகத்தில் இருப்பீர்கள். ஒதுங்குவதைத் தோல்வியாகக் கருதி முறைத்துக்கொண்டே ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 10 கிலோமீட்டர் தூரத்தை 50-க்குப் பதிலாக 60-இல் கடந்தால், வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டால், மிச்சமாவது 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தை அவரிடம் விட்டுக்கொடுப்பதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

இங்கே உங்களிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஓவர்டேக் செய்வதற்கான லேனில், பக்கத்து லேன் காலியாக இருக்கும்போதும், நீங்கள் சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டா? "நான் சட்டம் விதித்த வேகத்தில்தான் போகிறேன், அவருக்கு ஏன் அவசரம்?" என்று வாதிடுபவர்கள் ஏராளம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. பொறுமையிழந்தவர் பின்னாலேயே நிற்பதில்லை, தவறான பக்கத்தில் புகுந்து முந்துகிறார். பிறகு அவரையும் திட்டுகிறோம். தினமும் ஒரே ஓட்டுநருக்கு மட்டும் எல்லோரும் ஒட்டிக்கொண்டு வருவதாகத் தோன்றினால், அவர் எந்த லேனில் இருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

விளக்கைப் போட்டு அணைப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரு மாலை, ஒருவர் எனக்குப் பின்னால் நெடுந்தூரம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே வந்தார். நான் ஒதுங்கினேன், அவர் முந்தவில்லை. மறுபடி சிமிட்டினார். எரிச்சலில் கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சிக்னலில் நின்றபோது அவர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, என் பின் சக்கரத்தில் காற்று இறங்கிக்கொண்டே வருகிறது என்றார். அன்று டயர் ரிம்மோடு ஒட்டிப்போய் இருந்த காட்சி இப்போதும் நினைவில் இருக்கிறது. சாலையில் நம் கையில் உள்ள மொழி மிகச் சிறியது: ஒரு ஹாரன், சில விளக்குகள், கைச்சைகை. அதே சிமிட்டலுக்கு ஓரிடத்தில் "நீங்கள் போங்கள்" என்று பொருள், வேறோர் இடத்தில் "நான் வருகிறேன், நில்லுங்கள்" என்று பொருள். பொருள் தெளிவாக இல்லாதபோதெல்லாம் நாம் மிக மோசமான பொருளையே எடுத்துக்கொள்கிறோம். பிறர் தவறுக்கு அவர்களின் குணத்தையும் நம் தவறுக்குச் சூழ்நிலையையும் காரணம் காட்டும் இந்த வழக்கத்தை உளவியலாளர்கள் வெகுகாலமாகப் பேசி வருகிறார்கள். முகம் தெரியாத இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்திருக்கும்போது அது இன்னும் கூடிவிடுகிறது. நடைபாதையில் ஒருவர் தோளில் இடித்துவிட்டால் "மன்னிக்கவும்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். காருக்கு அந்தச் சொல் இல்லை. ஆகவே தவறு உங்களுடையது என்று தெரிந்தால் கையை உயர்த்திக் காட்டுங்கள். யாராவது வழிவிட்டாலும் அப்படியே செய்யுங்கள்.

இண்டிகேட்டர் போடாமல் நுழைபவர்கள் மீது உங்களுக்குள்ள வருத்தம் முழுக்க நியாயமானது. ஆனால் போடுபவர்களிலும் பெரும்பாலோர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டேதான் போடுகிறார்கள். திரும்பிவிட்டேன் என்று சொல்வதற்கு விளக்கு தேவையில்லை, அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. திரும்பப் போகிறேன் என்பதை முன்கூட்டிச் சொல்வதற்குத்தான் அந்த விளக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி முன்பே போட்டால் பின்னால் வருபவர் 50 மீட்டர் தூரத்துக்குத் தம் மனத்தைத் தயார்செய்துகொள்வார். யாரும் இல்லை என்று நினைக்கும்போதும் போடுங்கள். நாம் பார்க்கத் தவறியவருக்குத்தான் அந்த விளக்கு மிகவும் தேவைப்படுகிறது.

இரண்டு லேன்கள் ஒன்றாகும் இடத்தில் கடைசிவரை காலி லேனில் வந்து நுழைபவரை மட்டும் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நெரிசல் நேரத்தில் இரண்டு லேன்களையும் கடைசிவரை பயன்படுத்தி, முடியும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஜிப் பற்கள் கோத்துக்கொள்வதைப் போலச் சேர்வதே சீரான முறை. ஜெர்மனியில் இது சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வெகு முன்பாகவே எல்லோரும் ஒரே லேனில் அடைந்துகொண்டு, மற்றவரை விடாமல் மறிப்பதால் வரிசைதான் நீள்கிறது. ஜப்பானில் 2008-இல் வெளியான ஒரு சோதனையில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னலோ தடையோ இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் சற்று வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிட அதிகமாகக் குறைக்க, கார்கள் நின்று நின்று நகரும் நெரிசல் தானாகவே உருவாகிவிட்டது. யாராவது குறுக்கே நுழையும்போது நீங்கள் விட்டு வைத்திருக்கும் இடைவெளிதான் அந்த அதிர்வைப் பின்னால் போகவிடாமல் விழுங்கிக்கொள்கிறது.

இரவு ஹைபீம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாலைப் போக்குவரத்து குறித்த 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, ஹைபீம் குறைந்தது 100 மீட்டருக்கும் லோபீம் குறைந்தது 40 மீட்டருக்கும் ஒளி தர வேண்டும் என்றும், எதிரில் வாகனம் வரும்போது ஹைபீமைத் தணிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஒருமுறை சிமிட்டி நினைவூட்டலாம். அதற்கும் அவர் குறைக்காவிட்டால், பதிலுக்கு நீங்களும் ஹைபீம் போடுவது மிக மோசமான முடிவு: இருவரும் 60-இல் வந்தால் நொடிக்கு 33 மீட்டர் வீதம் நெருங்குகிறீர்கள், இப்போது அவருக்கும் கண் தெரியாது. அவர் விளக்கைப் பார்க்காமல், உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டின் மேல் பார்வையை வைத்து வேகத்தைக் குறையுங்கள். அவர் கடந்த பின்னும் கண் மீளச் சில நொடிகள் ஆகும். வயது கூடக்கூட அந்த நேரமும் கூடும். உடனே வேகமெடுக்காதீர்கள், அவருக்குப் பின்னால் இருட்டில் ஒருவர் நடந்து வரலாம். பின்னால் வருபவரின் ஒளி கூசினால், உள் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சிறு நெம்பைத் தள்ளுங்கள். அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவில் செய்யப்பட்டது. நெம்பைத் தள்ளியதும் பின்புறத்து வெள்ளிப்பூச்சுக்குப் பதிலாக முன்புறத்து வெறுங்கண்ணாடி பிரதிபலிக்கும் சொற்ப ஒளி மட்டுமே உங்கள் கண்ணுக்கு வரும். பல ஆண்டுகள் ஓட்டியவர்களில்கூட இது தெரியாதவர்கள் உண்டு.

ஹாரன் பற்றி ஒரு வரி போதும்: அது ஆபத்தைத் தவிர்க்க எச்சரிப்பதற்கு, சிக்னல் மாறியதை முன்னவருக்கு நினைவூட்டும்போதும் ஒரு சிறு தட்டலுக்கு மேல் வேண்டாம்.

நெருக்கமாக ஓட்டுபவர்களில் எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. பயிற்சித் திடலில் ஒரு லாரியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கத்து முன் மூலையை ஒட்டி ஒரு ஸ்கூட்டரை நிறுத்துவேன். மாணவரை லாரியில் ஏற்றி, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்பேன். எல்லாக் கண்ணாடிகளையும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பார்கள். கீழே இறங்கி அந்த ஸ்கூட்டரைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறும். பிறகு அவர்களையே அந்த ஸ்கூட்டரில் உட்கார வைத்து, லாரிக்காரரின் கண் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு அவர் முகம் தெரியாத இடத்தில் நீங்கள் அவருக்கு இல்லவே இல்லை. குறுக்கே வந்து விழும் பெரிய வண்டிகளில் பல, உங்களைப் பார்த்துவிட்டு வந்தவை அல்ல. சைக்கிளைக் கடக்கும்போது நீங்களும் இதை நினைவில் வைத்து, பல நாடுகளின் விதிகள் சொல்வதைப் போல 1.5 மீட்டர் விட்டுக் கடந்து செல்லுங்கள்.

உண்மையிலேயே வெறியோடு துரத்துபவரும் இருக்கத்தான் செய்கிறார். அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், சைகை காட்ட வேண்டாம், கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். அவர் பின்னாலேயே வந்தால் வீட்டுக்குப் போகாமல், ஆள்நடமாட்டமுள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ ஓட்டிச் செல்லுங்கள். வண்டி எண்ணை ஓட்டிக்கொண்டே குறிக்க முயல வேண்டாம். மகளிடம் வாய்விட்டுச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள், நிறுத்திய பிறகு எழுதிப் புகார் கொடுங்கள்.

கடைசியாக அந்தப் பை. நாளை காலை முதல் அதை இருக்கையில் வைக்காதீர்கள். முன் இருக்கையின் முதுகை ஒட்டிக் கீழே, கால் வைக்கும் இடத்தில் இறுக்கமாக வையுங்கள். உள்ளே எஃகுத் தண்ணீர்ப் புட்டி இருந்தால் அதைத் தனியே வெளியில் விடாமல் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். நீங்கள் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் வேறு யாருக்காகவோ ஒருநாள் முழு பலத்தோடு பிரேக் பிடிக்க நேரும். அன்று காருக்குள் கட்டப்படாமல் இருக்கும் எல்லாமே முன்னோக்கிப் பறந்து வரும்.