பல இனத்தவருக்கு உதவும் அறநிறுவனம் பண்டிகைகளை எப்படி மதிக்கலாம்?

கேட்டவர் சிங்கப்பூரில் ஒரு சிறிய அறநிறுவனத்தில் இருக்கிறார். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என ஒவ்வொன்றுக்கும் வாழ்த்துப் படம் போடுகிறார்களாம். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்கிறார். வாடகை வீட்டு ப்ளாக்குகளுக்கு உணவுப் பை கொண்டுபோகும் தொண்டூழியர்களை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வாழ்த்துப் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் பையைத் திறந்து பாருங்கள். நன்கொடையாக வரும் டின்களில் பன்றி இறைச்சி இருக்கும், மாட்டிறைச்சிக் குழம்பும் இருக்கும். ஹலால் முத்திரை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹலால் மாட்டிறைச்சியை வைத்துக்கொண்டு ஓர் இந்துப் பாட்டி என்ன செய்வார்? கருணைத் தெய்வமான குவான் யின்னை வணங்கும் சீன மூதாட்டிகளிலும் பலர் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார்கள். சைவம் சாப்பிடும் சீனர்களில் சிலருக்கு வெங்காயம், பூண்டுகூட ஆகாது. நாங்கள் இறைச்சி டின்னையே நிறுத்திவிட்டோம். மத்தி மீன், பருப்பு, மைலோ, பிஸ்கட். மீனும் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் தனிப் பை. வருஷம் முழுக்க இதைக் கவனிக்காமல், தீபாவளிக்கு மட்டும் முறுக்கு கொடுத்து என்ன பயன்?

அப்புறம், அடையாள அட்டையில் உள்ள இனத்தை வைத்துப் பண்டிகையை முடிவு செய்யாதீர்கள். 'இந்தியர்' என்று பார்த்ததும் தீபாவளிப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கதவைத் திறப்பவர் கடையநல்லூர்க் குடும்பத்து முஸ்லிம் பாட்டியாக இருக்கலாம், தமிழ்க் கிறிஸ்தவராக இருக்கலாம். பதிவுப் படிவத்தில் "எந்தப் பண்டிகை கொண்டாடுவீர்கள்?" என்று ஒரு வரி சேருங்கள். வீட்டில் சாவு விழுந்திருந்தால் அந்த வருஷம் கொண்டாட மாட்டார்கள். பை கொண்டுபோகும் முன் அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

உதவி எப்போது போகிறது என்பதும் முக்கியம். தீபாவளிக்கு முதல் நாள் பை கொடுத்து என்ன ஆகப்போகிறது? அதற்குள் பலகாரமும் துணியும் வாங்கி முடித்திருப்பார்கள், அல்லது கடன் வாங்கியிருப்பார்கள். இரண்டு வாரம் முன்பே கடையில் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டாக (வவுச்சர்) கொடுத்தால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய் வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் மதிய உணவைச் சாயங்காலத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீரிழிவால் நோன்பு வைக்க முடியாதவர்களும் உண்டு, பக்கத்து வீட்டார் காதில் விழும்படி மட்டும் கேட்காதீர்கள்.

சீனப் புத்தாண்டு இதில் தனி ரகம். முதல் இரண்டு நாள் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையிலும் உணவங்காடியிலும் பல கடைகள் மூடியிருக்கும். தனியாக வாழும் முதியவர்களுக்கு, அவர் எந்த இனமாக இருந்தாலும், அன்றுதான் சாப்பாடு வேண்டும். அந்த இரண்டு நாளும் எங்கள் மலாய், இந்தியத் தொண்டூழியர்கள் முறை போட்டுப் போகிறார்கள். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனத் தொண்டூழியர்கள் போகிறார்கள். என்னைக் கேட்டால், நாங்கள் செய்வதில் உருப்படியானது இதுதான்.

ஜூலை 21, இன நல்லிணக்க நாள். 1964-இல் அதே தேதியில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தை நினைவுகூரும் நாள். 1997-இலிருந்து பள்ளிகளில் அனுசரிக்கிறார்கள், பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வருவார்கள். உங்களிடம் உதவி பெறும் முதியவர்களில் அந்தக் கலவரத்தையும் ஊரடங்கையும் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். விருப்பமுள்ளவர்களை இளம் தொண்டூழியர்களிடம் பேச வையுங்கள். உடை அணிவகுப்பைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஊழியர்களையும் மறக்காதீர்கள். தைப்பூசமும் நபிகள் பிறந்தநாளும் 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போய்விட்டன. காவடி எடுப்பவரோ பால்குடம் எடுப்பவரோ கெஞ்சாமல் விடுப்பு கிடைக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரே ஒரு தமிழ்ப் பெண் இருந்தால் கோலம், மருதாணி, முறுக்கு எல்லாம் அவர் தலையில்தான் விழும், அதுவும் வேலை நேரத்துக்குப் பிறகு. அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் அதை வேலை நேரமாகக் கணக்கிட்டு, முறுக்குக்கான ரசீதையும் அலுவலகக் கணக்கில் சேருங்கள்.